பால் ஊற்றாத மாட்டுக்கும் உங்கள் நோட்டில் ஓர் இடம் வேண்டும்

மதுரை மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கங்களின் தலைவர்களுக்கும், செயலாளர்களுக்கும், விடியுமுன் வந்து பால் அளக்கும் பணியாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உசிலம்பட்டிப் பக்கம் குடியிருக்கிறேன். வீட்டில் இரண்டு கறவை மாடு நிற்கிறது. உங்களில் ஒருவருடைய சங்கத்தில்தான் காலையும் மாலையும் பால் ஊற்றுகிறேன். கன்று போட்ட அன்றோ மறுநாளோ எழுந்திருக்க மாட்டாமல் படுத்துவிடும் மாடுகளைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். சங்கங்கள் மனது வைத்தால் இதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். சங்கத்தை விட்டால் அதைச் செய்ய ஊருக்குள் வேறு ஆளும் இல்லை.

உங்கள் நோட்டில் ஒவ்வொரு உறுப்பினர் பெயருக்கு நேரேயும் இன்றைக்கு எத்தனை லிட்டர், ஃபேட் என்னும் கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப். என்னும் கொழுப்பல்லாத திடப்பொருள் எவ்வளவு என்று இருக்கிறது. மாடு பால் வற்றியதும் அந்த வரிசை வெறுமையாகிவிடுகிறது. இரண்டு மாதம் கழித்து, கன்று போட்டு, சீம்பால் தெளிந்து, கேனில் ஊற்றுகிற பதத்துக்குப் பால் வந்த பிறகுதான் மறுபடியும் அந்த மாடு உங்கள் கண்ணில் படுகிறது. நடுவில் அது என்ன தின்றது, எந்தத் தேதியில் ஈனப்போகிறது, எத்தனையாவது ஈத்து, அதாவது எத்தனையாவது கன்று என்று கேட்பார் இல்லை. பால் சுரம் என்று நாம் சொல்லும் கால்சியக் குறைவு உருவாவது அந்த இடைவெளியில்தான். அதிலும் குறிப்பாகக் கன்று போடுவதற்கு முந்தின மூன்று வாரத்தில்.

ஏன் அந்த மூன்று வாரம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

மாட்டின் உடம்பில் கால்சியத்துக்குப் பஞ்சமே இல்லை. எலும்பில் கிலோக்கணக்கில் இருக்கிறது. ஆனால் இரத்தத்தில் ஓடுவது சொற்பம். 600 கிலோ எடையுள்ள பெரிய சீமை மாட்டின் இரத்த நீரில்கூட மொத்தம் 3 கிராம் அளவுதான். நம் வீடுகளில் நிற்கும் ஜெர்சி கலப்பு மாடு 350, 400 கிலோ இருக்கும். அதற்கு 2 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பாலில் லிட்டருக்கு 1.2 கிராம் கால்சியம் என்றால், சீம்பாலில் 2 கிராமுக்கும் மேல். கன்று போட்ட அன்று ஐந்து லிட்டர் சீம்பால் கறந்தால், இரத்தத்தில் இருப்பதைப்போல ஐந்து மடங்கு கால்சியம் மடி வழியாக வெளியேறிவிடுகிறது. அந்தக் குறையை எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் உடனுக்குடன் எடுத்து நிரப்பியாக வேண்டும். 100 மில்லி இரத்த நீரில் 8.5 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்க வேண்டிய கால்சியம் 5.5-க்குக் கீழே இறங்கினால் மாடு படுத்துவிடும்.

நிரப்பும் வேலையைத் தொடங்கிவைப்பது கழுத்திலுள்ள பாராதைராய்டு என்னும் சிறு சுரப்பி. அதன் ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை இறக்கும். சிறுநீரகத்தில் வைட்டமின் டி-யை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றும். அந்த வைட்டமின் குடலைத் தூண்டி, தின்ற தீனியிலிருந்து கூடுதல் கால்சியத்தை உறிஞ்ச வைக்கும். இவ்வளவும் முழு வேகம் பிடிக்க ஒன்றிரண்டு நாளாகும். சினையின் கடைசி வாரங்களில் மாட்டுக்குக் கால்சியம் செலவு குறைவு. அந்த நேரத்தில் தீவனத்தில் அது தாராளமாக வந்துகொண்டே இருந்தால் சுரப்பிக்கு வேலையே இல்லை. மாதக்கணக்கில் ஓட்டாமல் போட்ட கிணற்று மோட்டார் பொத்தானை அழுத்தினதும் தண்ணீர் எடுக்காதல்லவா, அப்படித்தான். எலும்பு நிறையக் கால்சியத்தை வைத்துக்கொண்டே மாடு கால்சியம் இல்லாமல் சாகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1954-இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த போடா, கோல் என்ற இரு ஆய்வாளர்கள் தீவனத்தை மாற்றிப் போட்டே இதைக் காட்டிவிட்டார்கள். ஈனும் முன் கால்சியம் குறைந்த தீவனம் தின்ற மாடுகளில் பால் சுரம் குறைந்தது. எழுபது ஆண்டு கடந்தும் நம் ஊர்களில் எட்டாம் மாதம் முடிந்தால் கால்சியம் டானிக் வாங்கி ஊற்றுவதுதான் மாட்டின் மேல் அக்கறை என்று நம்பப்படுகிறது. அந்த டானிக்கில் ஒரு நாளைக்குப் போய்ச் சேருவது சில கிராம் கால்சியம்தான். ஈன்ற அன்றைக்கு ஏற்படும் பள்ளத்தை அது எந்த விதத்திலும் முன்கூட்டி நிரப்பி வைக்காது. மகளிர் குழுவில் கடன் எடுத்து மாடு வாங்கின குடும்பம் அந்தப் பாட்டிலுக்குக் கொடுக்கும் பணத்தை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. அதே பணத்தைக் கன்று போடும் நாளுக்கு எடுத்து வைத்தால் உண்மையிலேயே மாட்டைக் காப்பாற்றும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

தீவனத்துக்கு வருகிறேன். நம் மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு விதமான மாட்டுத் தொழுவம் இருக்கிறது. ஒன்றுக்குச் சொல்வது இன்னொன்றுக்குப் பொருந்தாது.

உசிலம்பட்டி, சேடபட்டி, பேரையூர், கள்ளிக்குடி என்று எங்கள் மானாவாரிப் பக்கம் சோளத்தட்டையும் கடலைக்கொடியும்தான் படப்பில் இருக்கும். சோளத்தட்டை அந்த மூன்று வாரத்துக்கு மிகப் பொருத்தமான தீனி. கால்சியம் குறைவு. சிக்கல் கடலைக்கொடியில். நிறைசினை மாடு, வயிற்றுப்பிள்ளைக்காரி என்று இரக்கப்பட்டு, படப்பில் இருப்பதிலேயே நல்ல கொடியாக உருவி அதற்குத்தான் போடுவார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் கால்சியத்தைக் குறைத்து வைப்பதில் பலன் கிடைக்க வேண்டுமானால் நாள் ஒன்றுக்கு 20 கிராமுக்குள் நிற்க வேண்டும். இரண்டு கிலோ கடலைக்கொடியே அந்தக் கணக்கைத் தொட்டுவிடும். வேலிமசால், குதிரைமசால், அகத்தி, சவுண்டல் தழை எல்லாமே இதே வகைதான். அத்தனையும் நல்ல தீனி, கன்று போட்ட நாளிலிருந்து. அந்த மூன்று வாரம் மட்டும் அவற்றை மற்ற மாட்டுக்குப் போடட்டும்.

மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் பெரியாறு வைகைத் தண்ணீர் பாய்கிற வயற்காடு. அங்கே வைக்கோலும், வாய்க்கால் ஓரத்தில் வெட்ட வெட்டத் தழைக்கும் கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் புல்லும். இங்கே வேறொரு ஆபத்து. தொழுவத்துக் கழிவுநீர் பாய்ந்து வளர்ந்த நேப்பியரில் பொட்டாசியம் ஏராளமாக ஏறியிருக்கும். பொட்டாசியம் மிகுந்தால் மாட்டின் இரத்தம் காரப்பக்கம் சாயும். அப்போது சுரப்பி தன் வேலையைச் செய்தாலும் எலும்பும் சிறுநீரகமும் அந்த ஹார்மோனுக்குச் சரியாக அசைந்துகொடுப்பதில்லை. மக்னீசியம் குறைந்தாலும் இதே நிலைதான். அதனால் வயற்காட்டு வீடுகளில் கடைசி மூன்று வாரம் நேப்பியரைக் குறைத்து வைக்கோலையும், கிடைத்தால் சோள நாற்றையோ மக்காச்சோளத் தட்டையையோ கூட்டுவது நல்லது. வயிறு மந்தமாக இருக்கிறது என்று சமையல் சோடா கரைத்து ஊற்றும் பழக்கம் இரண்டு பக்கமும் இருக்கிறது. அதுவும் காரத்தைக் கூட்டும். அந்த மூன்று வாரத்தில் அது கூடவே கூடாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தாது உப்புக் கலவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேப்பியரிலும் வைக்கோலிலும் ஆக்சலேட் என்னும் பொருள் இருக்கிறது. அது தீவனத்துக் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. அந்தத் தீனியில் ஆண்டு முழுக்க நிற்கும் மாட்டுக்குத் தாது உப்பு கட்டாயம் வேண்டும். கறவையில் இருக்கும்போதும், சினையின் முதல் எட்டு மாதமும் நாள் தவறாமல் கொடுக்கட்டும். அந்த மூன்று வாரத்துக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டு, கால்சியம் குறைந்த கலவை உண்டா, அளவைக் குறைக்கலாமா என்று பார்த்துச் செய்ய வேண்டும். கன்று விழுந்த அன்றே பழைய அளவுக்குத் திரும்பிவிட வேண்டும். மாட்டைப் பட்டினி போடுவதும் இதற்கு வழியல்ல. கலப்புத் தீவனத்தை அந்த நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் ஈன்ற பிறகு வயிறு புதுத் தீனியை ஏற்கும். மெலியவிட்டாலும் கெடுதல், கொழுக்கவிட்டாலும் கெடுதல். சதை போட்டுக் கொழுத்த மாடு இன்னும் எளிதாக விழும்.

பெரிய பண்ணைகளில் மக்னீசியம் சல்பேட், அம்மோனியம் குளோரைடு போன்ற உப்புகளை அளந்து தீவனத்தில் கலந்து இரத்தத்தின் காரத்தை இறக்குகிறார்கள். வேலை நடக்கிறதா என்று அமிலமா காரமா என்று அளவு காட்டும் பி.எச். தாளை மாட்டின் மூத்திரத்தில் நனைத்துப் பார்ப்பார்கள். வழக்கமாக 8-ஐத் தாண்டி நிற்பது 6-க்கும் 7-க்கும் நடுவில் வர வேண்டும். இந்த உப்புகள் வாய்க்குப் பிடிக்காதவை, அளவு கூடினால் மாடு தீனியையே நிறுத்திவிடும். அதனால் வீட்டில் தாங்களாகவே யாரும் முயன்று பார்க்கக் கூடாது. ஆனால் முந்தின ஈத்தில் விழுந்து எழுந்த மாடு என்றால், மருத்துவர் பார்வையில் இதைச் செய்யலாம். சங்கத்தில் ஒரு டப்பா பி.எச். தாள் இருந்தால் போதும், மூத்திரத்தை நனைத்துப் பார்த்து மருத்துவரிடம் சொல்லப் பால் அளப்பவரே கற்றுக்கொள்வார்.

எந்த மாடு விழும் என்பதையும் ஓரளவு முன்கூட்டிச் சொல்லிவிட முடியும். தலை ஈத்துக் கிடேரி விழுவது அபூர்வம். இளம் எலும்பு கால்சியத்தைச் சட்டென்று விட்டுக்கொடுக்கும். மூன்றாம் ஈத்திலிருந்து ஆபத்து ஏறிக்கொண்டே போகும். போன ஈத்தில் விழுந்தது இந்த ஈத்திலும் விழக்கூடும். நிறையக் கறக்கும் மாடு முதலில் விழும். ஜெர்சி இரத்தம் ஓடும் மாட்டுக்கு இந்த நோய் மற்ற சீமை இனங்களைவிட அதிகம். நம் சமவெளி முழுக்க நிற்பது ஜெர்சி கலப்புதான். ஆக, சங்கத்திலேயே நன்றாகப் பால் ஊற்றும் வீட்டில், நான்காம் ஈத்து, ஐந்தாம் ஈத்து நிற்கும் ஜெர்சி மாடுதான் முதலில் கவனிக்கப்பட வேண்டியது. உங்கள் வருமானத்தைத் தாங்குவதும் அதே மாடுதான்.

கன்று போடும் நாளைப் பற்றி. விழும் மாடுகளில் பெரும்பாலானவை ஈன்ற ஒரு நாளுக்குள் விழுகின்றன. மூன்று நாள் தாண்டினால் ஏறக்குறையத் தப்பித்தது என்று சொல்லலாம். இந்த இடைவெளிக்குத்தான் வாய்வழிக் கால்சியம் இருக்கிறது. ஜெல்லாக, மாட்டுக்கென்றே தயாரித்து விற்கிறார்கள். மூன்றாம் ஈத்துக்கு மேற்பட்ட மாட்டுக்குக் கன்று விழுந்ததும் ஒரு முறை, அரை நாள் கழித்து இன்னொரு முறை, ஒவ்வொரு முறையும் 50 கிராம் அளவு கால்சியம் போகும்படி கொடுத்தால் அந்தப் பள்ளத்தை மாடு தாண்டிவிடும். டானிக்குக்குச் செலவழிக்கும் பணத்தை எடுத்து வையுங்கள் என்று மேலே சொன்னது இதற்குத்தான். ஆனால் மாடு நின்றுகொண்டிருக்க வேண்டும், நன்றாக விழுங்க வேண்டும். கால்சியம் குளோரைடு உப்பைத் தனியாக வாங்கிக் கரைத்து ஊற்றக் கூடாது. வாயையும் தொண்டையையும் புண்ணாக்கிவிடும். வைட்டமின் டி ஊசியும் இருக்கிறது. அது ஈனுவதற்குச் சில நாள் முன்பு, தேதி கணித்து மருத்துவர் மட்டுமே போட வேண்டியது. அளவோ நாளோ தவறினால் அதுவே நஞ்சு.

சுண்ணாம்புத் தெளிநீரைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். சுண்ணாம்பு தண்ணீரில் மிகக் கொஞ்சமே கரையும். தெளிந்த நீர் ஒரு லிட்டரில் கால்சியம் ஒரு கிராம்கூட இருக்காது. கொடுப்பதால் பெரிய கெடுதல் இல்லை. அதை நம்பி மற்றதை விட்டுவிடுவதுதான் கெடுதல்.

சீம்பாலைக் காய்ச்சி வெல்லமும் ஏலக்காயும் போட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவது நம் வீடுகளின் வழக்கம். நல்ல வழக்கம். ஆனால் விழக்கூடிய மாடு என்று தெரிந்தால், முதல் நாளில் மட்டும் மடியைச் சொட்டு விடாமல் கறந்துவிட வேண்டாம். முதலில் கன்றுக்கு. 25 கிலோ கன்று என்றால் இரண்டரை லிட்டர், பிறந்த சில மணி நேரத்துக்குள் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். அதற்கு மேல் கறப்பதை இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று கூட்டிக்கொண்டு போகட்டும். முன்பு மடிநோய் வந்த மாடாக இருந்தால் மடியில் பால் நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி, விழுந்துவிட்டால். உங்கள் சங்கத்துச் சுவரில் பால் விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை எழுதி மாட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதில் எழுத வேண்டியது இதுதான்: கன்று போட்ட மாடு நிலைகொள்ளாமல் கால் மாற்றி நின்றாலோ, சதை துடித்தாலோ, நடக்கும்போது பின்னங்கால் பின்னினாலோ அப்போதே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அடுத்த கட்டத்தில் மாடு படுத்துக்கொண்டு கழுத்தை வளைத்துத் தலையை விலாப்பக்கம் சாய்க்கும். காது சில்லென்று இருக்கும். மூக்கு ஈரம் காய்ந்துவிடும். சாணி போடாது, அசை போடாது. அதற்கும் அடுத்தது பக்கவாட்டில் சாய்ந்து காலை நீட்டிவிடுவது. வயிறு உப்பும், அங்கிருந்து உயிர் போகச் சில மணி நேரம்தான்.

படுத்த மாட்டின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கஞ்சியோ, டானிக்கோ, ஜெல்லோ, தண்ணீரோ எதுவுமே கூடாது. தொண்டைத் தசை வேலை செய்யாதபோது மூங்கில் குழாயில் ஊற்றுவது நேரே நுரையீரலுக்குப் போகும். பால் சுரத்திலிருந்து பிழைத்த மாடு அந்தக் கஞ்சியால் நிமோனியா வந்து செத்துப்போகும். சாய்ந்து கிடந்தால் நெஞ்சின் மேல் உட்கார்ந்த வாக்கில் நிமிர்த்தி, இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டையோ மணல் சாக்கோ முட்டுக் கொடுக்க வேண்டும். சிமெண்டுத் தரையில் கிடந்தால் கீழே மணலோ வைக்கோலோ கனமாகப் பரப்ப வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். ஒரே பக்கம் பல மணி நேரம் கிடந்தால் அடிப்பக்கத்துத் தசையும் நரம்பும் நசுங்கி, கால்சியம் சரியான பிறகும் மாடு எழாது. கயிறு கட்டி இழுக்கவே கூடாது. கன்றைப் பக்கத்தில் விட வேண்டாம்.

மருத்துவர் வந்து கால்சியம் போரோகுளுக்கோனேட்டை இரத்தக்குழாயில் ஏற்றுவார். பார்ப்பவர்களுக்கு அதிசயமாக இருக்கும். மாடு ஏப்பம் விடும், சாணி போடும், உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு எழும். எளிதாகத் தெரிவதாலேயே இதில் பெரிய ஆபத்து. மருந்துக்கடையில் பாட்டிலை வாங்கி, ஊசி போடத் தெரிந்தவர் என்று யாரையோ கூட்டிவந்து, அவசரத்தில் வேகமாக ஏற்றி, ஊசி கழுத்தில் இருக்கும்போதே மாட்டின் இதயம் நின்றுபோனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதை மெதுவாக, பத்து இருபது நிமிடம், இதயத் துடிப்பைக் கேட்டுக்கேட்டுத்தான் ஏற்ற வேண்டும். அது கால்நடை மருத்துவரின் வேலை. எழுந்த மாடு அடுத்த ஓரிரு நாளில் மறுபடியும் விழக்கூடும் என்பதையும் வீட்டாருக்குச் சொல்லிவிட வேண்டும். எழுந்துவிட்டது என்று அன்றைக்கே மடியைக் காலி செய்து கறப்பவர்கள் வீட்டில்தான் இது நடக்கிறது.

விழாத மாட்டிலும் இந்தக் குறைவு வேலை செய்துகொண்டிருக்கும். இதை மக்கள் கவனிப்பதே இல்லை, எனக்கு அதிகக் கவலை தருவதும் இதுதான். இரத்தத்தில் கால்சியம் கொஞ்சம் இறங்கி, மாடு நின்றபடியே இருக்கும். கருப்பைத் தசைக்கு இறுக்கம் போதாமல் நஞ்சுக்கொடி விழாது. சில மாட்டுக்கு அடி தள்ளும், அதாவது கருப்பை வெளியே வந்துவிடும். காம்பு நுனித் தசை சரியாக மூடாமல் கிருமி ஏறி மடிநோய் வரும். வயிறு அசையாமல் தீனி குறையும், பால் ஏறாது, மறுபடி சினை பிடிக்கத் தாமதமாகும். ஒவ்வொன்றையும் வேறு வேறு நோய் என்று நினைத்துத் தனித்தனியாகச் செலவு செய்கிறோம். சங்கத்துக்கு வரும் பால் குறைவதும், மடிநோய்ப் பால் திருப்பி அனுப்பப்படுவதும் இதில் சேர்த்திதான்.

இனி உங்களிடம் நான் கேட்பது.

ஒரு சினை நோட்டுப் போடுங்கள். உறுப்பினர் பெயர், மாட்டின் அடையாளம், எத்தனையாவது ஈத்து, போன முறை விழுந்ததா, சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்ட தேதி. அவ்வளவு போதும். ஊசி போட்ட நாளிலிருந்து ஏறத்தாழ 280 நாளில் கன்று விழும். ஜனவரி 15, பொங்கலன்று ஊசி போட்ட மாடு அக்டோபர் 22-ஐ ஒட்டி ஈனும். ஆகஸ்ட் 23 வாக்கில் பாலை வற்றவிட வேண்டும், அக்டோபர் 1 அன்று தீவனத்தை மாற்ற வேண்டும். இந்த இரண்டு தேதியையும் நோட்டில் சிவப்பு மையில் எழுதிவிட்டால், அந்த வாரம் பால் ஊற்ற வரும் அக்காவிடமோ, அந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளையிடமோ பால் அளப்பவர் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். "இன்னையிலிருந்து மூணு வாரத்துக்குக் கடலைக்கொடி போடாதீங்க, ஜெல்லு வாங்கி வச்சுக்கோங்க." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மாடு கறவையில் இல்லாவிட்டால் அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது.

தீவன மூட்டை விற்கும் அதே அலமாரியில் கால்சியம் ஜெல் நாலைந்து எப்போதும் இருக்கட்டும். கன்று நடுச்சாமத்தில் விழும். அந்நேரம் டவுனுக்குப் போய் வாங்க முடியாது. விலையைப் பால் பணத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளலாம், தீவனத்துக்குப் பிடிப்பதுபோலவே. பலகையில் உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரின் எண்ணும், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962-உம் பெரிய எழுத்தில் இருக்கட்டும். உங்கள் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டு, கடைசி மூன்று வாரத்துக்கென்றே கால்சியமும் பொட்டாசியமும் குறைந்த, மக்னீசியம் சேர்ந்த சினைமாட்டுத் தீவனம் சிறு மூட்டையாக வேண்டும் என்று மாவட்டப் பால் ஒன்றியத்துக்கு அனுப்புங்கள். ஒரு சங்கம் கேட்டால் காகிதத்தோடு நின்றுவிடும். நூறு சங்கம் கேட்டால் அவர்கள் தீவன ஆலையில் பேச வேண்டிவரும்.

திருப்பரங்குன்றத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கிருந்து ஆள் வரவழைத்து உங்கள் சங்க வாசலிலேயே அரை நாள் பயிற்சி நடத்தலாம். அதற்கு ஒரு வேண்டுகோள். கூட்டம் போட்டால் நோட்டில் பெயர் உள்ள ஆண்கள்தான் வந்து உட்காருகிறார்கள். மாட்டுக்குத் தீனி போடுவதும், மடி விட்டிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும், ராத்திரி கன்று விழும்போது கூடவே முழித்திருப்பதும் வீட்டுப் பெண்கள். எங்கள் பக்கம் அவர்களில் பாதிப் பேர் விடியற்காலையில் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கப் போய்விடுவார்கள். காலையில் வைத்தால் வர முடியாது. மாலைப் பால் ஊற்றிவிட்டு நிற்கும் நேரத்தில், அவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து நடத்துங்கள்.

எங்கள் சங்கத்தில் சினை நோட்டை எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன். ஊதியம் எதுவும் வேண்டாம். பக்கத்துச் சங்கங்கள் கூப்பிட்டாலும் வந்து முதல் மாதம் கூட இருந்து எழுதிக் கொடுக்கிறேன். இப்போது ஊசி போட்டு நிற்கும் மாடுகளின் பட்டியலை அடுத்த பால் பணம் கொடுக்கும் நாளிலேயே எடுத்துவிடலாம். அன்றைக்கு எல்லா உறுப்பினரும் வருவார்கள்.

இப்படிக்கு,
உசிலம்பட்டி வட்டாரத்தில் பால் ஊற்றும் ஓர் உறுப்பினர்,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்